அறிவுரை கூறாத ஆலோசகர்: கார்ல் ரோஜர்ஸின் வாழ்வும் வழிமுறையும்

மனச்சிக்கலோடு வருபவருக்கு விவரம் அறிந்த ஒருவர் காரணத்தைக் கண்டறிந்து வழிசொல்வதே உளநல ஆலோசனை என்ற எண்ணம் பொதுமக்களிடம் மட்டுமன்றி, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்துறை வல்லுநர்களிடமும் ஆழமாக வேரூன்றியிருந்தது. அந்த எண்ணத்தை மறுத்து, தம் துயரம் எங்கே இருக்கிறது என்பதை நாடி வருபவரே அறிவார் என்றும், அதை அவர் அஞ்சாமல் பார்ப்பதற்கு ஏற்ற உறவை அமைத்துத் தருவதே ஆலோசகரின் பணி என்றும் வாதிட்டவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். வெறும் பரிவு என்று பலரும் எண்ணிவிடுகிற இந்த அணுகுமுறையைத் தொழிலாக நிலைநிறுத்தியது, ஆலோசனை அறைக்குள் நடப்பதையெல்லாம் பதிவுசெய்து, அளந்து, பிறர் பார்வைக்கு வைத்த அவருடைய சோதனை மனப்பான்மையே ஆகும்.

ரோஜர்ஸ் 1902 ஜனவரி 8 அன்று சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில், ஆறு பிள்ளைகளில் நான்காமவராகப் பிறந்தார். மது, நடனம், சீட்டாட்டம், நாடகம் ஆகியவற்றை அறவே விலக்கிய கண்டிப்பான கிறித்தவக் குடும்பம் அது. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது குடும்பம் பண்ணை ஒன்றுக்குக் குடிபெயர்ந்தது. நண்பர்கள் அதிகம் இல்லாத அச்சிறுவன் இரவில் பறக்கும் பெரிய விட்டில்பூச்சிகளைப் பிடித்து வளர்த்து ஆராய்வதிலும், கால்நடைத் தீவனம் குறித்து மாரிசன் எழுதிய தடித்த நூலைப் படிப்பதிலும் ஈடுபட்டான். ஒரு தீவனம் பால் உற்பத்தியை உண்மையிலேயே கூட்டுகிறதா என்பதை அறிய, அதைத் தின்னும் மாடுகளை அதைத் தின்னாத, ஆனால் மற்ற எல்லா வகையிலும் ஒத்த மாடுகளோடு ஒப்பிட வேண்டும் என்ற அறிவியல் முறையை அவர் அந்த நூலில்தான் கற்றார்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்ந்த அவர் சமயப் பணியை நாடி வரலாற்றுப் பாடத்துக்கு மாறினார்; 1922-இல் உலகக் கிறித்தவ மாணவர் மாநாட்டுக்காகச் சீனா சென்று, பல நாட்டவரோடு பழகிய மாதங்களில் பெற்றோரின் சமயக் கருத்துகளிலிருந்து விலகித் தமக்கென ஒரு பார்வையை வகுத்துக்கொண்டார். பிறகு நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் பயின்றபோது, ஆசிரியர் வழிநடத்தாமல் மாணவர்கள் தங்கள் ஐயங்களையே பாடமாக்கி விவாதிக்கும் வகுப்பு ஒன்றை அவரும் தோழர்களும் கேட்டுப் பெற்றனர். குறிப்பிட்ட கோட்பாட்டை நம்பியாக வேண்டிய தொழில் தமக்கு ஒவ்வாது என்ற முடிவுக்கு வந்த அவர், தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் உளவியலுக்கு மாறி, 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

படிப்பை முடிக்கும் முன்பே, 1928-இல், ராச்செஸ்டர் நகரில் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் சங்கம் ஒன்றில் அவர் பணியில் சேர்ந்திருந்தார். நீதிமன்றங்களும் நல அமைப்புகளும் அனுப்பிவைத்த சிறுவர்களோடு பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே உழைத்தார். அக்காலத்து நிகழ்வு ஒன்றைத் தம் வழிமுறையின் திருப்பமாக அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அடங்காத மகனின் நடத்தைக்குத் தாய் தொடக்கத்திலிருந்தே அவனை வெறுத்து ஒதுக்கியதே காரணம் என்று கணித்து, அதை அந்தத் தாய்க்கு உணர்த்தப் பல சந்திப்புகளில் முயன்றும் பயனில்லாததால், முயற்சியை விட்டுவிடலாம் என்று ரோஜர்ஸ் கூற, அவரும் இசைந்து எழுந்து வாசல்வரை சென்றார். அங்கே நின்று திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவதுண்டா என்று கேட்டார். மீண்டும் வந்து அமர்ந்த அத்தாய் தம் மணவாழ்வின் வேதனையையும் தோல்வியுணர்வையும் கொட்டித் தீர்த்தார்; உண்மையான சிகிச்சை அப்போதுதான் தொடங்கியது, மகனின் நிலையும் நாளடைவில் சீரானது. எது வலிக்கிறது, எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை நாடி வருபவரே அறிவார் என்ற ரோஜர்ஸின் துணிபு இத்தகைய அனுபவங்களிலிருந்து பிறந்தது.

அந்தத் துணிபைத் தாங்கி நிற்பது, உயிருள்ளவை அனைத்தும் தம் ஆற்றல்களை நிறைவை நோக்கி வளர்த்துக்கொள்ளவே முனைகின்றன என்னும் கோட்பாடு. சிறுவயதில் தம் வீட்டு நிலவறையில் குளிர்காலத்துக்கெனச் சேர்த்துவைத்த உருளைக்கிழங்குகள், மேலேயிருந்த சிறு சன்னலின் ஒளியை நோக்கி வெளிறிய முளைகளை நீட்டியதை இதற்கு அவர் எடுத்துக்காட்டினார். குழந்தை பிறரது அன்பைப் பெறுவதற்காக, ‘இப்படி இருந்தால்தான் நான் ஏற்கத்தக்கவன்’ என்ற நிபந்தனைகளை மனத்தில் பதித்துக்கொள்ளும்போது, தான் உண்மையில் உணர்வதற்கும் தன்னைப் பற்றி வைத்திருக்கும் படிமத்துக்கும் இடையே பிளவு ஏற்படுகிறது. அதுவே பதற்றமாகவும் மனச்சோர்வாகவும் வெளிப்படுகிறது என்பது அவர் விளக்கம்.

இந்தப் பிளவு ஆறுவதற்கு ஆலோசகரிடம் வேண்டிய பண்புகளாக 1957-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் மூன்றை அவர் வரையறுத்தார். முதலாவது உண்மைத்தன்மை, அதாவது ஆலோசகர் தொழில்முறை முகமூடிக்குப் பின்னால் ஒளியாமல், உள்ளே உணர்வதும் வெளியே காட்டுவதும் ஒன்றாக இருத்தல். இரண்டாவது நிபந்தனையற்ற ஏற்பு. செய்த செயல் சரியா தவறா என்ற தீர்ப்பை ஒதுக்கிவைத்து, வந்திருப்பவரை மனிதராக மதித்தல். மூன்றாவது ஒத்துணர்வு, பிறருடைய உலகை அவர் நிற்கும் இடத்திலிருந்தே பார்க்க முயன்று, பார்த்ததை அவரிடமே சொல்லிச் சரிபார்த்தல். எவ்வளவு உழைத்தாலும் வீட்டில் யாரும் மதிப்பதில்லை என்று ஒருவர் கூறும்போது, ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்’ என்று தேற்றாமலும், ‘மனம்விட்டுப் பேசிப் பாருங்கள்’ என்று யோசனை கூறாமலும், ‘இவ்வளவு செய்தும் கண்ணுக்கே தெரியாதவர்போல் ஆகிவிட்டீர்கள், அப்படித்தானே?’ என்று ஆலோசகர் கேட்பார். அது சரியென்றால் பேச்சு ஆழமாகும். தவறென்றால் வந்தவரே திருத்துவார், அத்திருத்தத்திலும் அவருக்கு ஒரு தெளிவு கிட்டும்.

இந்த நுட்பத்தைத் தனிமனிதத் திறமையாக விட்டுவிடாமல் கற்பிக்கத்தக்க கலையாக்கியது ஒலிப்பதிவு. 1940-இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ரோஜர்ஸ், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இசைத்தட்டுகளில் ஆலோசனைப் பேச்சைப் பதிவுசெய்தார். 1942-இல் வெளிவந்த நூலில் ‘ஹெர்பர்ட் பிரையன்’ என்ற புனைபெயர் கொண்ட ஒருவருடனான எட்டுச் சந்திப்புகளையும் சொல்லுக்குச் சொல் அச்சிட்டு, ஆலோசகர் பிசகிய இடங்களையும் குறிப்புகளில் சுட்டிக்காட்டினார். முழுமையான சிகிச்சை ஒன்று இவ்வாறு வெளியானது அதுவே முதல்முறை. வழிசொல்லும் ஆலோசகர்கள், வழிசொல்லாதவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு சொற்களைப் பேசினர் என்பதும் பதிவுகளை ஆராய்ந்த அவருடைய மாணவர் போர்ட்டரின் கணக்கிலிருந்து தெரியவந்தது. வருபவரை ‘நோயாளி’ என்று அழைப்பதைக் கைவிட்டு, ‘கிளையன்ட்’ என்று குறிக்கும் வழக்கம் பரவுவதற்கும் இந்நூலே பெருங்காரணம்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1945 முதல் 1957 வரை பணியாற்றியபோது அவருடைய குழுவினர் மாற்றத்தை அளக்கவும் முற்பட்டனர். தன்னைப் பற்றிய கூற்றுகள் எழுதிய 100 அட்டைகளை வந்தவரிடம் தந்து, ‘நான் இப்போது இருப்பது’ என்றும் ‘நான் இருக்க விரும்புவது’ என்றும் இருமுறை அடுக்கச் செய்தனர். சிகிச்சைக்கு முன் ஏறத்தாழ தொடர்பே இல்லாதிருந்த இவ்விரு அடுக்குகளும் சிகிச்சைக்குப் பின் நெருங்கிவந்தன. ஆலோசனை பெறாமல் காத்திருந்தோரையும் இவர்களோடு ஒப்பிட்டதில், பண்ணையில் பயின்ற பாடம் உளவியலுக்கு வந்து சேர்ந்ததைக் காணலாம். எனினும் விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் இம்முறையைச் சோதித்தபோது, சிகிச்சை பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே ஒட்டுமொத்தமாகப் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆலோசகரிடம் ஒத்துணர்வு மிகுந்திருந்த இடங்களில் மட்டுமே பலன் சற்றுத் தெளிவாகத் தெரிந்தது. அந்த முடிவும் 1967-இல் நூலாக வெளியிடப்பட்டது.

எதிர்வாதங்களும் எழாமல் இல்லை. எண்ணங்களைத் திருத்தும் அறிவுசார் சிகிச்சையை உருவாக்கிய ஆரன் பெக், பரிவும் ஒத்துணர்வும் உண்மைத்தன்மையும் தேவையானவையே, ஆனால் அவை மட்டும் போதா என்றார். இந்திய மனநல மருத்துவர் ஜே. எஸ். நேக்கி 1973-இல் எழுதிய கட்டுரையில், வழிகாட்டலை எதிர்பார்த்து வரும் இந்தியருக்குக் குரு–சீடர் உறவே சிகிச்சைக்குப் பொருத்தமான மாதிரியாக அமையலாம் என்று முன்மொழிந்தார். பெரியவர்களின் சொல்லைக் கேட்டு நடக்கும் வழக்கமுள்ள சமூகத்தில், ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?’ என்ற கேள்வி அக்கறையின்மையாகவும் தோன்றக்கூடும் என்பதால், இந்த ஐயம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

பிற்காலத்தில் ரோஜர்ஸ் கலிஃபோர்னியாவில் குடியேறி, தம் வழிமுறையைக் குழுக்களுக்கு விரிவாக்கினார். பெல்ஃபாஸ்ட் நகரின் கத்தோலிக்கரையும் புராட்டஸ்டன்ட்டினரையும், தென்னாப்பிரிக்காவின் கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே அறையில் அமர்த்தி ஒருவர் பேச மற்றவர் கேட்கச் செய்தார். 1987 பிப்ரவரி 4 அன்று அவர் மறைந்தார். அவர் வகுத்த மூன்று பண்புகளும் இன்று பெரும்பாலான ஆலோசனைப் பயிற்சிகளின் அடிப்படைப் பாடமாகிவிட்டன. அவர் தாமே முன்வந்து ஏற்ற மற்றொரு பொறுப்பு அந்த அளவுக்குப் பரவவில்லை. ஆலோசகர் தாம் நன்றாகக் கேட்டதாக நம்புவது போதாது, கேட்டாரா என்பதைப் பதிவும் அளவீடும் வந்தவரின் வாக்குமூலமும் உறுதிசெய்ய வேண்டும் என்பதே அது.