ஒரு காமிராவின் அடக்க விலை

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்து, சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது என் மைத்துனர் மகன் பக்கத்தில் வந்து அமர்ந்தான். டோம்பிவிலியில் ஒரு சிறிய போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறான். நம் சங்க விழாக்களுக்கும் அவன்தான் படம் எடுக்கிறான். மெதுவாகச் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான்.

"மாமா, நீங்க இன்ஜினியர். இதைப் பார்த்துச் சொல்லுங்க. வாங்கலாமா?"

'மீடியம் பார்மட்' டிஜிட்டல் காமிரா ஒன்றுக்கும் இரண்டு லென்ஸ்களுக்கும் கடைக்காரர் கொடுத்த விலைப்பட்டியல் அது. கூட்டுத்தொகையைப் பார்த்ததும் பாயசம் தொண்டையில் நின்றது. பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். வங்கிக் கடன் பாதி, அவன் அம்மாவின் எட்டுப் பவுன் இரட்டை வடச் சங்கிலி பாதி என்றான்.

நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். பாலிடெக்னிக் டிப்ளமாக்காரன். காமிராக் கலைஞன் அல்ல. ஆனால் ஒரு பொருளுக்கு ஏன் அந்த விலை, அதைச் செய்கிறவன் நாளைக்கும் கடை திறந்து வைத்திருப்பானா என்று பார்ப்பது எனக்குப் பழகிய வேலை. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை, தொழில் தொடங்க நினைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

நம் வீட்டிலும் இருந்ததுதான்

மீடியம் பார்மட் என்றதும் மிரள வேண்டாம். உங்களில் பலர் வீட்டில் ஒரு காலத்தில் 'ஆக்ஃபா கிளிக் 3' காமிரா இருந்திருக்கும். 120 என்ற எண்ணுள்ள அகலப் பிலிம் சுருளைப் போட்டால் பன்னிரண்டு படம். அதுவே மீடியம் பார்மட்தான்! அந்த 120 பிலிமைக் கோடக் கம்பெனி 1901இல் கொண்டு வந்தது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படத்தின் அளவு 24க்கு 36 மில்லிமீட்டர். 120 பிலிமின் சதுரப் படமோ ஏறத்தாழ 56க்கு 56. பரப்பளவில் மூன்றரை மடங்குக்கு மேல். பெரிய பிலிமில் நுணுக்கம் அதிகம் பதியும். பெரிதாக்கினாலும் புள்ளி புள்ளியாகத் தெரியாது. 1969இல் சந்திரனில் இறங்கியவர்கள் கொண்டு போனதும் ஸ்வீடன் நாட்டு ஹாஸெல்பிளாட் கம்பெனியின் மீடியம் பார்மட் காமிராவைத்தான்.

பிலிம் இருந்த காலத்தில் பெரிய அளவுக்குப் பெரிய செலவு கிடையாது. அகலமான பிலிம் கொஞ்சம் கூடுதல் விலை, அவ்வளவுதான். ஆகவேதான் எளிய குடும்பத்தின் கையிலும் அந்தக் காமிரா இருந்தது. டிஜிட்டல் வந்ததும் கணக்கு தலைகீழாகிவிட்டது.

1990களின் தொடக்கத்தில் லீஃப் கம்பெனி, பிலிம் பெட்டிக்குப் பதிலாகக் காமிராவின் பின்புறத்தில் மாட்டும் டிஜிட்டல் பெட்டி ஒன்றை வெளியிட்டது. 40 லட்சம் புள்ளிகள், அதாவது 4 மெகாபிக்ஸல். வண்ணப்படம் வேண்டுமானால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வடிகட்டி வைத்து மூன்று முறை எடுக்க வேண்டும். கம்ப்யூட்டரோடு கட்டிப் போட்டிருக்க வேண்டும். மடித்து வைத்த பட்டுப்புடவையைப் படம் எடுக்கலாம். உடுத்தி நிற்கும் பெண்ணை எடுக்க முடியாது. 1993இல் டென்மார்க்கில் ஃபேஸ் ஒன் கம்பெனி தோன்றி இதே வழியில் முன்னேறியது.

மைசூர்பாகுக் கணக்கு

பிலிமுக்குப் பதிலாக இருப்பது 'சென்ஸார்' என்னும் சிலிக்கன் சில்லு. இதன் விலைதான் முதல் சிக்கல். சில்லுகளை வட்டமான சிலிக்கன் தட்டில் செய்து பிறகு வெட்டி எடுக்கிறார்கள்.

வட்டத் தட்டில் மைசூர்பாகு கொட்டித் துண்டு போடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மாவில் தெரியாமல் பத்துச் சிறு கற்கள் விழுந்துவிட்டன. தட்டை 100 சிறு துண்டாகப் போட்டால் 10 துண்டு கெட்டுப்போகும், 90 தேறும். அதே தட்டை 25 பெரிய துண்டாகப் போட்டால், பத்துக் கல்லும் பத்துத் துண்டில் இருந்தால், தேறுவது 15தான். தட்டின் அடக்கம் 900 ரூபாய் என்றால் சிறு துண்டு 10 ரூபாய், பெரிய துண்டு 60 ரூபாய். அளவு 4 மடங்கு, விலையோ 6 மடங்கு! போதாக்குறைக்கு வட்டத்தில் சதுரம் வெட்டும்போது ஓரத்தில் வீணாவது பெரிய துண்டுக்குத்தான் அதிகம். சிலிக்கன் தட்டில் கல்லின் வேலையைத் தூசியும் சிறு குறைகளும் செய்கின்றன.

இன்னொரு தொல்லையும் உண்டு. சில்லின் மேல் ஒளியால் அச்சுப் பதிக்கும் இயந்திரம் ஒரு வீச்சில் பதிக்கக் கூடிய பரப்பு பொதுவாக 26க்கு 33 மில்லிமீட்டர்தான். மீடியம் பார்மட் சென்ஸார்களில் சிறியதே 44க்கு 33. பெரியது சுமார் 54க்கு 40. ஆகவே பகுதி பகுதியாகப் பதித்து, சேலையில் மர அச்சுக் குத்துவது போல ஓரம் பிசகாமல் ஒட்ட வேண்டும். ஒட்டு பிசகினால் அந்தச் சில்லு குப்பைக்கு.

வரைபடத்துக்கு யார் பணம் கொடுப்பது?

இரண்டாவது சிக்கல் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஒரு பாகத்தைச் செய்யும் முன் அதைப் பிடித்து வைக்கும் 'ஜிக்' செய்வோம். ஜிக்குக்கு 2 லட்சம் ஆனதென்றால், 1,000 பாகம் செய்யும்போது ஒன்றின் தலையில் 200 ரூபாய். 10 பாகம்தான் என்றால் ஒன்றின் தலையில் 20,000. பாகம் அதேதான், எண்ணிக்கைதான் வேறு.

காமிராவும் அப்படியே. புது மாடலுக்கு வரைபடம், மின்னணுப் பலகை, உள்ளே ஓடும் புரோகிராம், அச்சு, சோதனை எல்லாம் வேண்டும். கூடவே லென்ஸ் வரிசை ஒன்று வேண்டும், ஒவ்வொரு லென்ஸும் தனி வடிவமைப்பு. பேச்சுக்காக இத்தனைக்கும் 50 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் காமிரா விற்றால் ஒன்றுக்கு 1,000 ரூபாய். 5,000 மட்டுமே விற்றால் ஒன்றுக்கு 1 லட்சம். விலையை ஏற்றினால் வாங்குகிறவர் குறைவார். குறைந்தால் மறுபடி விலை ஏற வேண்டும். இந்தச் சுழலில்தான் பல கம்பெனிகள் மூழ்கின.

பக்கத்தில் போட்டியும் வந்துவிட்டது. 2002இல் கேனன் கம்பெனி 35 மில்லிமீட்டர் அளவிலேயே 11 மெகாபிக்ஸல் காமிரா கொண்டு வந்தது. 2012இல் நிக்கான் 36 மெகாபிக்ஸல் காமிராவைச் சுமார் 3,000 டாலருக்கு விற்றது. பிறகு யார் பத்து மடங்கு கொடுப்பார்கள்? கான்டாக்ஸ் காமிராவை நிறுத்துவதாகக் கியோசெரா 2005இல் அறிவித்தது. ரோலை வழிவந்த ஜெர்மன் தொழிற்சாலை 2009இல் திவாலானது. ஜப்பானின் மாமியா கை மாறி, கடைசியில் ஃபேஸ் ஒன் வசம் போனது. ஹாஸெல்பிளாடும் பல கை மாறி, 2015இல் சீனாவின் டிரோன் கம்பெனியான டி.ஜே.ஐ. அதில் பங்கு வாங்கியது. பிறகு பெரும்பங்கும் அதன் கைக்கே போய்விட்டது.

இதெல்லாம் அயல்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று நினைக்கக் கூடாது. எங்கள் காலனியில் ஒரு ஸ்டூடியோக்காரர் 2007இல் கடன் போட்டு இத்தகைய காமிரா ஒன்று வாங்கினார். நாலாவது வருடம் ஷட்டர் பழுதானது. செய்த கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது. உதிரி பாகம் இல்லை. கடனில் இன்னும் பதினான்கு தவணை பாக்கி! கண்ணாடி அலமாரியில் அந்தக் காமிரா இன்றும் இருக்கிறது. ரயில்வேயில் ஒரு பெட்டியை இருபத்தைந்து வருடம் ஓட்டுவோம், அதற்கு உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் வாங்க மாட்டோம். ஒரு கம்பெனி தன் வளர்ச்சிச் செலவை எப்படி மீட்கிறது என்பது அந்தக் கம்பெனியின் கவலை மட்டுமல்ல, வாங்குகிறவனின் கவலையும்தான்.

தப்பிய வழி

இருந்தும் இந்த இனம் அழிந்துவிடவில்லை. காரணம் பங்கீடு. 2014இல் சோனி கம்பெனி 44க்கு 33 அளவில் 50 மெகாபிக்ஸல் சென்ஸார் ஒன்றைச் செய்தது. அதையே பென்டாக்ஸ், ஹாஸெல்பிளாட், ஃபேஸ் ஒன் மூவரும் வாங்கித் தத்தம் காமிராவில் பொருத்தினார்கள். பிறகு ஃபியூஜியும் வாங்கியது. ஒரே சக்கரத்தை எல்லா வேகனுக்கும் போடுவது போல.

அடுத்த படி இன்னும் சாமர்த்தியம். 3.76 மைக்ரான் அகலமுள்ள ஒரே அளவுப் புள்ளியைக் கொண்டு சிறிய காமிராவுக்கு 26, 35 மில்லிமீட்டர் அளவுக்கு 61, மீடியம் பார்மட்டுக்கு 100, எல்லாவற்றிலும் பெரியதற்கு 150 மெகாபிக்ஸல் என்று சென்ஸார்கள் செய்தார்கள். ஒரே துணியை நெய்து, குழந்தைச் சட்டை, பெரியவர் சட்டை என்று வெட்டுகிற மாதிரி. நெசவின் செலவு எல்லாச் சட்டைக்கும் பங்காகிவிடுகிறது. வானியல் தொலைநோக்கிகளிலும் தொழிற்சாலைச் சோதனைகளிலும்கூட இதே சென்ஸார்கள் பயன்படுகின்றன.

இயந்திரப் பகுதியிலும் சிக்கனம் வந்தது. உள்ளே மேலும் கீழும் அடிக்கும் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். ஓடும் பாகம் குறைந்தால் செலவும் குறையும், பழுதும் குறையும். இதை எந்த ஒர்க்‌ஷாப் ஆளும் ஒப்புக்கொள்வார்.

பலனைப் பாருங்கள். 2016இல் ஃபேஸ் ஒன்னின் 100 மெகாபிக்ஸல் காமிரா அமெரிக்காவில் 48,990 டாலர். 2019இல் ஃபியூஜியின் 100 மெகாபிக்ஸல் காமிரா 9,999 டாலர். 2021இல் அதன் தம்பி 5,999. 2024இல் வந்த அடுத்த தம்பி 4,999. ஃபியூஜியின் சென்ஸார் ஃபேஸ் ஒன்னுடையதைவிடச் சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எட்டே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு!

இனி என்ன ஆகும்?

உலகம் முழுவதும் 2010இல் 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் அனுப்பப்பட்டன. 2023இல் அது 80 லட்சத்துக்கும் குறைவு. செல்போன் தின்றது போக மிச்சம் அவ்வளவுதான். இந்தச் சிறிய சந்தையில் மீடியம் பார்மட்டுக்கென்றே தனியாக எல்லாவற்றையும் செய்கிறவன் நிலைப்பது கடினம். வேறு வருமானம் உள்ளவன்தான் நிற்பான். ஃபியூஜிக்கு உடனடிப் படம் தரும் இன்ஸ்டாக்ஸ் வியாபாரம் இருக்கிறது. ஹாஸெல்பிளாடுக்கு டிரோன் முதலாளி இருக்கிறார். ஃபேஸ் ஒன் விமானத்திலிருந்து நில அளவை எடுப்பதற்கும், பழைய ஓவியங்களையும் ஆவணங்களையும் பதிவு செய்வதற்கும் காமிரா செய்கிறது. விலை இன்னும் கொஞ்சம் இறங்கலாம். ஆனால் சில்லின் பரப்பு பெரிதாக இருக்கும் வரை மைசூர்பாகுக் கணக்கு மாறாது. சிறிய காமிராவின் விலைக்கு இது ஒருநாளும் வராது என்பது என் கருத்து.

தாளில் போட்ட கணக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டுக்கு வந்தான். அவன் அத்தை காபி கொடுத்தாள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டோம்.

முதல் கேள்வி: தேவை என்ன? கல்யாண ஆல்பத்தின் ஒரு பக்கம் 12க்கு 18 அங்குலம். அவனிடம் உள்ள 24 மெகாபிக்ஸல் காமிராவின் படம் 6,000க்கு 4,000 புள்ளி. அங்குலத்துக்கு 333 புள்ளி வருகிறது. நல்ல அச்சுக்கு 300 போதும். 100 மெகாபிக்ஸல் என்றால் அதே தரத்தில் 38 அங்குல அகலம் அச்சிடலாம். அத்தனை பெரிய ஆல்பத்தை யார் மடியில் வைத்துப் பார்ப்பது? அழுத்தாமல் வைத்தால் ஒரு படமே சுமார் 200 மெகாபைட். ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 600 ஜிகாபைட். கம்ப்யூட்டரையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது: எத்தனை நாள் வேலை? நகைக்கடை, பட்டுக்கடை விளம்பரத்துக்கு இந்தக் காமிரா உண்மையிலேயே உதவும். அந்த வேலை வருடத்தில் எத்தனை நாள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, "பத்து, பன்னிரண்டு நாள் இருக்கும் மாமா" என்றான்.

மூன்றாவது: கடன் ஐந்து வருடம். மேலே சொன்ன விலை இறக்கத்தைக் காட்டினேன். மூன்றாவது வருடம் காமிராவை விற்றால் வருகிற பணம் மிச்சக் கடனுக்குப் போதுமா?

பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மும்பையில் நாள் வாடகைக்குக் கிடைக்குது மாமா. அதைச் செய்யலாமா?" என்று அவனே கேட்டான். அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வருடத்தில் பதினொரு நாள் வாடகைக்கு எடுத்தான். வாடகையைக் கட்சிக்காரரின் பில்லிலேயே சேர்த்துவிட்டான். வேலை ஐம்பது நாள் என்று ஏறினால் அப்போது வாங்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பெரிய காமிரா கெட்ட பொருள் அல்ல. பத்து நாள் வேலைக்குப் பெரிய கடன்தான் கெட்டது. இந்தப் பொங்கல் விழாவுக்கு அவன் அம்மா வந்திருந்தார். கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி இருந்தது. பையன் தன் பழைய காமிராவில்தான் அவரைப் படம் எடுத்தான். சங்க அறிவிப்புப் பலகையில் அந்தப் படம் இருக்கிறது, பாருங்கள்.

தொழிலுக்காக எந்த இயந்திரம் வாங்க நினைக்கும் இளைஞரும் விலைப்பட்டியலோடு ஞாயிறு மாலை சங்க நூலகத்துக்கு வரலாம். சேர்ந்து கணக்குப் போடுவோம்.