தோலையும் தசையையும் பிடித்திருக்கும் பிளெக்டின்

பிறந்து ஓரிரு நாளில் குழந்தையின் கை, கால்களில் நீர்க் கொப்புளங்கள் எழுகின்றன. துணி உரசினாலோ, தூக்கும்போது விரல் அழுந்தினாலோ தோல் உரிந்துவிடுகிறது. தோல் மருத்துவர் புண்ணைப் பராமரிக்கும் முறையைச் சொல்லித்தருகிறார். கொப்புளங்களோடு வாழக் குடும்பமும் பழகிக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து, சிலருக்கு முப்பது வயதைத் தாண்டிய பிறகு, மாடிப்படி ஏறக் காலில் வலு இல்லாமல் போகிறது. இம்முறை போவது நரம்பியல் மருத்துவரிடம். சிறு வயதுக் கொப்புளத்தைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டும் என்று பலருக்கும் தோன்றாது.

தோலுக்கு வந்ததும் தசைக்கு வந்ததும் ஒரே நோய். பிளெக்டின் என்ற புரதத்துக்கான மரபணு பழுதானால் இரண்டும் வரும் என்பதை 1996-இல் பல ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்து வெளியிட்டன. தோலும் தசையும் ஒரு புரதத்தை நம்பி நிற்பது ஏன் என்று புரிய, செல்லின் உள்ளே போகவேண்டும்.

செல்லுக்கு உருவமும் உறுதியும் தருவது அதனுள் ஓடும் இழைகளாலான சட்டகம். அதில் முக்கியமாக மூன்று வகை உண்டு. சுமார் 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழைகள், செல் நகரவும் சுருங்கவும் உதவுகின்றன. 10 நானோமீட்டர் தடிமனுள்ள இடைநிலை இழைகள் இழுவையைத் தாங்குகின்றன. தோலின் கெரட்டினும் தசையின் டெஸ்மினும் இந்த வகை. சரக்குப் போக்குவரத்துக்குத் தண்டவாளமாக இருப்பவை 25 நானோமீட்டர் அகலமுள்ள நுண்குழாய்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு நானோமீட்டர்.

பாடநூல் படங்களில் பெரும்பாலும் இந்த மூன்றும் மூன்று வண்ணங்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போல வரையப்பட்டிருக்கும். அதுதான் குறை. கட்டடத்துக்குச் சாரம் கட்டுபவரைக் கேட்டால், ஆள் ஏறி நிற்க முடிவது சவுக்குக் கம்பின் வலுவால் மட்டுமல்ல, கம்பும் கம்பும் சேரும் இடத்தில் போட்ட கயிற்றுக் கட்டால்தான் என்பார். செல்லிலும் அப்படித்தான். அந்தக் கட்டுகளைப் போடும் புரதங்களில் முதன்மையானது பிளெக்டின்.

வியன்னாவில் கெர்ஹார்ட் விஷேயும் அவரோடு பணியாற்றியவர்களும் 1980-களின் தொடக்கத்தில் இதைப் பிரித்தெடுத்தார்கள். நம் உடலின் பெரும்பாலான புரதங்கள் சில நூறு அமினோ அமிலங்களால் ஆனவை. பிளெக்டினிலோ 4,500-க்கும் மேல். நடுவில் சுமார் 200 நானோமீட்டர் நீளத்துக்கு ஒரு தண்டு, இரு முனைகளிலும் உருண்ட தலை. ஒரு தலை ஆக்டினைப் பிடிக்கும். மறு தலை இடைநிலை இழையைப் பிடிக்கும்.

அது உண்மையிலேயே செல்லுக்குள் பாலமாக நிற்கிறதா என்பதைக் காட்டிய சோதனை 1996-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ஆக்டின் இழைகள் புதர்போல மண்டிக் கிடப்பதால் மற்றவை கண்ணில் படுவதில்லை. தத்யானா ஸ்விட்கினா, அலெக்சாண்டர் வெர்கோவ்ஸ்கி, கேரி போரிசி மூவரும் ஜெல்சோலின் என்ற புரதத்தைக் கொண்டு ஆக்டினை மட்டும் கரைத்தெடுத்தார்கள். எஞ்சியதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, இடைநிலை இழைகளிலிருந்து மெல்லிய கைகள் நீண்டு நுண்குழாய்களைத் தொட்டுக்கொண்டிருந்தன. அவை பிளெக்டின்தானா? பிளெக்டினில் மட்டும் ஒட்டும் எதிர்ப்பொருளில் தங்கத் துகளைச் சேர்த்துச் செலுத்தினார்கள். துகள்கள் அந்தக் கைகளின்மேல் போய் அமர்ந்தன. சட்டகத்தின் மூன்று பகுதிகளும் ஒரே வலையாகப் பின்னப்பட்டவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இந்தக் கட்டு நிரந்தரமானதும் அல்ல. செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் ஒரு நொதி பிளெக்டினில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே இடைநிலை இழைகளின்மேல் அதன் பிடி தளர்கிறது. சட்டகம் கலைந்து மறுபடி அமைய அதுவும் தேவை.

இனி தோலுக்கு வருவோம். மேல்தோலின் அடிவரிசைச் செல்களுக்குள் கெரட்டின் இழைகள் கீழே இறங்கி, அடித்தளச் சவ்வைப் பற்றியிருக்கும் இன்டெக்ரின் புரதங்களோடு சேரவேண்டும். அந்த இடத்தில் இரண்டையும் இணைப்பதில் பெரும்பங்கு பிளெக்டினுடையது. அது இல்லாவிட்டால் கெரட்டின் நன்றாகவே இருந்தும் பயனில்லை. சிறு உரசலில் செல்லின் அடிப்பகுதி கிழிந்து, இடைவெளியில் நீர் சேர்கிறது. அதுதான் கொப்புளம்.

தசையில் டெஸ்மின் இழைகள் சுருங்கும் நார்க்கற்றைகளை அக்கம்பக்கமாகப் பிணைத்து, செல்லின் வெளிச்சவ்வோடும் மைட்டோகாண்ட்ரியாக்களோடும் சேர்த்துவைக்கின்றன. ஒவ்வொரு சேர்க்கையிலும் பிளெக்டினின் வெவ்வேறு வடிவங்கள் நிற்கின்றன. ஒரே மரபணு தன் தொடக்கப் பகுதியை மாற்றி மாற்றிப் படிப்பதால் இந்த வடிவங்கள் பிறக்கின்றன: ஒன்று தோலின் அடிப்பிடிப்புக்கு, ஒன்று மைட்டோகாண்ட்ரியாவுக்கு, வேறு சில தசைக்கு. பிளெக்டின் குறைந்த தசையில் டெஸ்மின் தன் இடங்களை விட்டுக் கழன்று கட்டிகட்டியாகச் சேர்கிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒரு பக்கமாகக் குவிகின்றன. சுருங்கிச் சுருங்கியே தசை சிதைகிறது. தினம் இழுபடும் திசுக்கள் முதலில் விட்டுக்கொடுப்பதில் வியப்பில்லை.

இவ்வளவு முக்கியமான புரதம் பழுதாகியும் பலர் நடு வயதுவரை வாழ்வது எப்படி? பிளெக்டின் மரபணுவின் நீண்ட தண்டுப் பகுதியை விட்டுவிட்டு, இரு தலைகளை மட்டும் கொண்ட குட்டையான பிளெக்டினையும் செல்கள் ஓரளவு தயாரிக்கின்றன. பழுது தண்டுப் பகுதியில் மட்டும் இருந்தால் இந்தக் குட்டை வடிவம் தப்பிவிடும். கொப்புளமும் பின்னாளில் தசைச்சிதைவும் வரும். இரண்டு வடிவங்களும் இல்லாத குழந்தைகளுக்கு, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வழியே அடைபட்டுப் பிறக்கும் கடும் வகை வருகிறது. இவர்களில் பெரும்பாலோர் பிஞ்சிலேயே இறந்துவிடுகிறார்கள். இந்த வேறுபாட்டை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் தெளிவுபடுத்தினார்கள். எலிகளிலும், பிளெக்டினை முற்றிலும் நீக்கியபோது குட்டிகள் இரண்டு மூன்று நாள்தான் உயிரோடிருந்தன.

பிளெக்டினுக்கு உறவான புரதங்கள் உண்டு. இதயத்தசையிலும் தோலிலும் செல்லோடு செல் சேருமிடத்தில் இடைநிலை இழைகளைக் கட்டிவைப்பது டெஸ்மோபிளாக்கின். அது பழுதானால் சுருண்ட கம்பளி போன்ற முடி, தடித்த உள்ளங்கை, இளவயதில் இதயச் செயலிழப்பு மூன்றும் ஒருவருக்கே வரலாம். ஈக்வடாரில் தோல் மருத்துவர் லூயிஸ் கார்வஹல் ஊவெர்ட்டா விவரித்த நோய் அது. அங்கும் முதல் தடயம் தோலில்தான்.

பிளெக்டின் பழுதால் வரும் நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனாலும் தோலில் சிறு துண்டெடுத்துப் பிளெக்டின் இருக்கிறதா என்று எதிர்ப்பொருளால் பார்க்கலாம். மரபணுவைப் படித்தும் உறுதிசெய்யலாம். பிறவிக் கொப்புளம் உள்ள குழந்தைக்கு எந்த மரபணுவில் பழுது என்று தெரியாமல் சிகிச்சையை நடத்திக்கொண்டு போவதை ஏற்கவே முடியாது. கெரட்டினில் பழுது என்றால் தசையைப் பற்றிய கவலை பெரும்பாலும் வேண்டாம். பிளெக்டினில் என்றால் தசை வலு, இதயம், மூச்சு மூன்றையும் தொடர்ந்து சோதிக்கவேண்டும். தசை தளர்ந்து நரம்பியல் மருத்துவரிடம் வருபவரிடமும், சிறு வயதில் தோல் உரிந்ததா, நகம் தடித்ததா என்று கேட்கவேண்டும்.

தசையையும் பாதிக்கும் இந்த வகை, பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் வெளிப்படும். அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவருமே பழுதைச் சுமக்கும் தம்பதிக்கு ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு. முதல் குழந்தையின் மரபணுப் பழுது எதுவென்று தெரிந்திருந்தால், அடுத்த கருவை மூன்றாவது மாத வாக்கிலேயே சோதித்துவிடலாம்.