வீட்டில் இரு என்ற ஆணையின் மறுபாதி

2020 ஜூலை 7 முதல் 21 வரை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கொரோனா தொற்று உறுதியான 3,810 பேரைப் பற்றிய ஒரு கணக்கை அம்மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் வெளியிட்டார். உடம்புக்கு முடியாமல் போன நாளிலிருந்து பரிசோதனைக்குப் போகும்வரை அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தனித்திருக்கவில்லை. பரிசோதனை செய்துகொண்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வெளியே போய்வந்திருக்கிறார்கள். படித்தவுடன் கோபம்தான் வரும். ஆனால் முதல்வரே அன்று சுட்டிய காரணம் வேறு: இவர்களில் பலருக்கு மருத்துவ விடுப்பே கிடையாது. வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. அந்த வாரமே, முடிவுக்காகக் காத்திருக்கும் தொழிலாளிக்கு 300 டாலரும் தொற்று உறுதியானவருக்கு 1,500 டாலரும் தரும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. 300 டாலர் பிறகு 450 ஆனது. கொள்ளைநோய்க் காலத்து ஆஸ்திரேலியாவைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. இந்த ஒரு கணக்குக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். வீட்டில் இரு என்று ஆணையிடும் அரசு, வீட்டில் இருப்பதற்கான வழியையும் செய்துதர வேண்டும். அது கருணையோ சலுகையோ ஆகாது, நோய்த்தடுப்பு வேலையின் மறுபாதி அதுதான். அந்த மறுபாதியைக் கேட்டுப் பெறுவது அடைபட்டவரின் உரிமை.

நோய் ஊருக்குள் கசிந்த விதமே இதற்குச் சான்று. 2020 மார்ச் இறுதியில், வெளிநாட்டிலிருந்து திரும்பும் எல்லோரும் 14 நாள் ஹோட்டலில் அடைபட வேண்டும் என்ற விதி வந்தது. மெல்பர்னில் ரிட்ஜஸ், ஸ்டாம்ஃபோர்ட் பிளாசா என்ற இரண்டு ஹோட்டல்களிலிருந்து கிருமி வெளியேறியது. முன்னாள் நீதிபதி ஜெனிஃபர் கோட் நடத்திய விசாரணையின்படி, மாநிலத்தின் இரண்டாம் அலைத் தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வேர் அங்கேதான். ஏறத்தாழ 18 ஆயிரம் பேருக்கு நோய் வந்தது, 768 பேர் இறந்தார்கள். ஹோட்டல் தாழ்வாரங்களில் காவலுக்கு நின்றவர்கள் ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தமாக அமர்த்தப்பட்ட காஷுவல் தொழிலாளர்கள். பயிற்சி போதாது, வேலைக்கு நிச்சயம் இல்லை, உடம்பு சரியில்லை என்று சொன்னால் அடுத்த ஷிஃப்ட் கிடைக்குமா என்ற பயம் வேறு. இந்தக் காவலர்களை அமர்த்தும் முடிவை எடுத்தது யார் என்று கேட்டபோது அமைச்சர்களிலோ அதிகாரிகளிலோ ஒருவரும் பொறுப்பேற்கவில்லை. நோய் புகுந்த வாசலும் அது பரவிய வழியும் ஒன்றேதான்: ஒருநாள் கூலியை இழக்க முடியாத மனிதர். அவரைத் திட்டியோ அபராதம் போட்டோ அந்த வாசலை அடைக்க முடியாது.

மறுபாதியை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2020 ஜூலை 4 காட்டியது. மெல்பர்னின் ஃபிளெமிங்டன், நார்த் மெல்பர்ன் பகுதிகளில் ஒன்பது அரசுக் குடியிருப்புக் கோபுரங்கள் இருக்கின்றன. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்து குடியேறிய பல குடும்பங்கள் வாழும் இடம். அன்று மாலை நான்கு மணியளவில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், இந்தக் கோபுரங்களில் உள்ள எவரும் இனி வீட்டைவிட்டு வெளியேறக் கூடாது, தடை இப்போதே அமலுக்கு வருகிறது என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 3,000 பேருக்கு முன்னறிவிப்பு இல்லை. பலருக்கு வாசலில் போலீசைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அடுத்த நாட்களில் உணவு தாமதமாக வந்தது, வந்ததில் காலாவதியானதும் இருந்தது, சமய வழக்கத்தால் உண்ண முடியாததும் இருந்தது. மருந்து கிடைக்காமல் தவித்தவர்கள் இருந்தார்கள். வெளிக்காற்றுக்கு வழி இல்லை. எட்டுக் கோபுரங்கள் ஐந்து நாளில் திறக்கப்பட்டன. 33, ஆல்ஃபிரட் தெருவில் உள்ள கோபுரம் மட்டும் 14 நாள் பூட்டப்பட்டிருந்தது.

மாநிலக் குறைகேள் அதிகாரியான ஒம்புட்ஸ்மன் டெபரா கிளாஸ் அந்த ஆண்டு டிசம்பரில் அளித்த அறிக்கையை, இந்த விவாதத்தில் வாய் திறக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தொற்று வேகமாகப் பரவிக்கொண்டிருந்தது, தற்காலிகமாக அடைத்துவைக்கும் நடவடிக்கை தேவைப்பட்டது என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். அவர் தவறென்று கண்டது அந்த ‘இப்போதே’ என்ற சொல்லை. சுகாதார அதிகாரிகள் அடுத்த நாள் தொடங்கலாம் என்றே எண்ணியிருந்தார்கள், உணவையும் உதவிகளையும் ஏற்பாடு செய்துகொள்ள அந்த அவகாசம் தேவைப்பட்டது. கையெழுத்திட வேண்டிய அதிகாரிக்கு, ஆணையையும் அதனால் பாதிக்கப்படும் மனித உரிமைகளையும் எடைபோட்டுப் பார்க்கக் கிடைத்தது 15 நிமிடம்தான். விக்டோரியாவின் 2006-ஆம் ஆண்டு மனித உரிமைச் சாசனம், சுதந்திரம் பறிக்கப்பட்டவரையும் மனிதராக நடத்த வேண்டும் என்கிறது. அந்த உரிமை மீறப்பட்டது என்று அறிக்கை முடிவு கூறியது. அரசு மன்னிப்புக் கேட்க மறுத்தது. ஆனால் குடியிருப்பாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 2023-இல் 50 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு இணங்கியது. பங்கிட்டால் வயது வந்தவருக்கு 2,200 டாலர் அளவில்தான் வரும். தொகை சிறியதுதான். கேட்டவர்களுக்குக் கிடைத்தது என்பது சிறிய விஷயமில்லை.

தீப்பிடித்த வீட்டில் நின்று உரிமை பேசலாமா, ஒரு நாள் தாமதித்தால் நூறு பேருக்குத் தொற்றுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்கு முதல் பதில், உணவும் மருந்தும் மொழிபெயர்ப்பாளரும் இல்லாத பூட்டு தொற்றை நிறுத்துவதில்லை என்பது. பசித்தவரும் என்ன நடக்கிறது என்று புரியாதவரும் கதவைத் திறக்கத்தான் செய்வார்கள். அடுத்தது, உரிமைச் சட்டங்கள் அவசர நடவடிக்கையை முடக்கிவிடும் என்ற அச்சம் நடைமுறையில் பொய்த்துப்போயிற்று. 2020-இல் மெல்பர்னில் போடப்பட்ட இரவு ஊரடங்கை ஓர் உணவக உரிமையாளர் எதிர்த்தார். அதே 2006 சாசனத்தை வைத்து வழக்கை ஆராய்ந்த மாநில உச்ச நீதிமன்றம், அந்த ஊரடங்கு சட்டப்படி சரி, அளவுக்கு உட்பட்டது என்று தீர்ப்பளித்தது. ஆகவே உரிமையைச் சொல்லிக் கேட்பவர் நோயின் பக்கம் நிற்பவர் இல்லை. ஆணைக்குக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

இன்னொரு வாதம், ஆஸ்திரேலியா பல நாடுகளைவிட எத்தனையோ உயிரைக் காத்ததே, பிறகு ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது. காத்தது உண்மை, அதைச் சாதித்தவர்களில் முதலிடம் ஆணைகளுக்கு இணங்கிய மக்களுக்கே. மெல்பர்ன் மக்கள் ஆறு முடக்கங்களில் மொத்தம் 262 நாள் வீட்டில் இருந்தார்கள். 2020 ஜூலை இறுதியில் ஒரே நாளில் 700-ஐத் தாண்டிய தொற்று, அக்டோபர் 26 அன்று பூஜ்யத்துக்கு வந்ததற்கு அந்தப் பொறுமையே காரணம். ஆனால் பொறுமை வற்றாத கிணறு இல்லை. மத்திய அரசு அமைத்த விசாரணைக் குழு 2024 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, அரசின்மீது மக்கள் வைத்திருந்த நம்பிக்கை தேய்ந்துவிட்டது, அன்று ஏற்கப்பட்ட பல கட்டுப்பாடுகள் மறுமுறை ஏற்கப்படுவது ஐயம் என்கிறது. நம்பிக்கை தேய்ந்ததற்குக் கண்கூடான காரணங்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில், தொற்றாளரின் தொடர்புகளைத் தேட மட்டுமே என்று சொல்லி வாங்கிய வருகைப் பதிவுச் செயலித் தரவைக் காவல்துறை கொலை விசாரணைக்கு எடுத்துப் பயன்படுத்தியது. 2021 ஜூனில் அது வெளியே தெரிந்து, அவசரமாகச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. விக்டோரியாவில் பாரசீகமும் அரபும் கலந்து அச்சிடப்பட்ட அறிவிப்பை எந்தச் சமூகத்தவரால் படிக்க முடிந்திருக்கும்?

சிட்னியின் 2021 அனுபவம் தமிழர்களுக்கு நெருக்கமானது. ஜூன் நடுவில் விமானப் பணியாளர்களை ஏற்றிச் சென்ற ஓட்டுநர் ஒருவருக்கு டெல்டா வகைத் தொற்று கண்டுபிடிக்கப்பட்டது, மாத இறுதிக்குள் நகரமே முடக்கப்பட்டது. முதலில் பரவியது போண்டை போன்ற கடற்கரைப் புறநகர்களில். ஆனால் இரவு ஊரடங்கும் வேலைக்குப் போக அனுமதிச் சீட்டும் இராணுவ வீரர்களும் வந்தது மேற்கு, தென்மேற்குப் பகுதிகளுக்கு. கம்பர்லாண்ட், பராமட்டா, பிளாக்டவுன் என்று தமிழ்க் குடும்பங்கள் அதிகம் வாழும் மாநகரசபைப் பகுதிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. தொற்று அங்கே அதிகமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே வாழ்பவர்கள் கிடங்கிலும் முதியோர் இல்லத்திலும் உணவு ஆலையிலும் உழைப்பவர்கள், கணினியைத் திறந்து வீட்டிலிருந்தே வேலை செய்ய முடியாதவர்கள். சில விதிமீறல்களுக்கு 5,000 டாலர் வரை அபராதம் உயர்ந்தது. பிறகு நடந்ததைப் பலர் அறியவில்லை. 2022 நவம்பரில் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தில் வந்த ஒரு வழக்கில், அபராதச் சீட்டில் செய்த குற்றம் இன்னதென்று போதுமான அளவு எழுதப்படவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டது. 33 ஆயிரத்துக்கு மேற்பட்ட அபராதங்கள் கைவிடப்பட்டன. 2024 நவம்பரில் மீதியிருந்த 23 ஆயிரத்துக்கு மேற்பட்டவையும் கைவிடப்பட்டு, கட்டியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. வாடகைப் பணத்திலிருந்து எடுத்துக் கட்டியவர்கள் அதற்காகக் காத்திருந்த காலத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

எல்லா இடத்திலும் பரிகாரம் கிடைத்துவிடும் என்று நம்பிவிடவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதற்குமான மனித உரிமைச் சாசனம் இல்லை. விக்டோரியா, குவீன்ஸ்லாந்து, தலைநகர்ப் பிரதேசம் ஆகிய மூன்றில் மட்டுமே அப்படிப்பட்ட சட்டம் உண்டு. மெல்பர்ன்வாசி எழுப்பக்கூடிய கேள்வியை சிட்னிவாசி அதே வடிவில் எழுப்ப முடியாது. 2021 மே 3 முதல் 15 வரை இந்தியாவில் இருந்துவிட்டு வரும் சொந்தக் குடிமக்களையே நாட்டுக்குள் வரவிடாமல் மத்திய அரசு தடுத்தது. மீறினால் ஐந்தாண்டுச் சிறை அல்லது 66,600 டாலர் அபராதம். அப்போது ஏறத்தாழ 9,000 ஆஸ்திரேலியர்கள் இந்தியாவிலிருந்து திரும்பக் காத்திருந்தார்கள். வழக்குத் தொடுத்தபோது, 2015-ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் அமைச்சருக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது என்று மத்திய நீதிமன்றம் முடிவு செய்தது. அடுத்த கொள்ளைநோய்க்கு முன் தேசியச் சாசனம் ஒன்று வேண்டும் என்ற கோரிக்கைக்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டாயத் தனிமை விதி 2022 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டாலும் அதற்கான அதிகாரங்கள் சட்டப் புத்தகத்தில் அப்படியேதான் இருக்கின்றன. மறுபடி ஓர் ஆணை வந்தால் முதலில் அதை எழுத்தில் கேட்க வேண்டும்: எந்தச் சட்டப் பிரிவு, எத்தனை நாள், யார் கையெழுத்து. ஆங்கிலம் தடையாக இருந்தால் 131 450 என்ற எண்ணில் அரசு மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்துத் தமிழில் விளக்கம் பெறலாம். புரியாத தாளில் கையெழுத்திட்டுவிட்டுப் பிறகு வருந்த வேண்டாம். விக்டோரியாவின் பொதுச் சுகாதாரச் சட்டப்படி, அடைத்துவைக்கும்போது காரணத்தைச் சொல்ல வேண்டும். அவசர அதிகாரத்தில் அடைக்கப்பட்டவரின் நிலையை 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்யவும் வேண்டும். கோபுரங்களைப் பற்றிய விமர்சனங்களுக்குப் பிறகு, 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட சட்டம், அடைபட்டவர் தன் தடுப்பை எதிர்த்து முறையிட ஒரு தனி வழியை உண்டாக்கியது. மருந்து, கர்ப்பம், மனநலம், உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றை முதல் நாளே எழுத்தில் தெரிவித்து, அந்தக் குறுஞ்செய்தியையும் மின்னஞ்சலையும் பத்திரமாக வைத்திருங்கள். கோபுர வழக்குகளிலும் அபராத வழக்குகளிலும் பேசியது காகிதம்தான். அதிகாரிகள் பதில் தராவிட்டால் மாநில ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். அபராதச் சீட்டைப் பார்த்த பதற்றத்தில் உடனே கட்டிவிடாமல் மறுஆய்வு கேளுங்கள், சமூகச் சட்ட மையங்கள் கட்டணமின்றி உதவும். உரிய தேதியை மட்டும் தவறவிடக் கூடாது.

வீடு எல்லோருக்கும் பாதுகாப்பான இடமாக இருப்பதில்லை. இதை நம் சமூகத்தில் உரக்கச் சொல்லத் தயங்குகிறோம். கணவனிடமோ குடும்பத்தாரிடமோ அடிவாங்கும் பெண், மெல்பர்னின் கடுமையான முடக்கத்தின்போதும் சட்டப்படி வீட்டைவிட்டு வெளியேறலாம் என்றே விதிகள் இருந்தன. ஊரடங்கு நேரத்தில் வெளியே போனால் அபராதம் என்று மிரட்டி ஒருத்தியை உள்ளே நிறுத்தியவனுக்குச் சட்டத்தின் துணை இருக்கவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து உதவி கேட்க 1800 737 732 என்ற எண் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது.

கடைசியாகக் கூலி. வேலைக்கு அனுமதி உள்ள தற்காலிக வீசாக்காரர்களில் பெரும்பாலோரும், அவர்களில் இணைப்பு வீசாவில் காலம் தள்ளும் தமிழ் அகதிக் கோரிக்கையாளர்களும், 2020-இல் ஜாப்கீப்பர் என்ற சம்பள மானியத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். தொற்றுக்கால விடுப்புக்கான 1,500 டாலரும் 2021 முடக்கத்தின் வாராந்தர உதவியும் பின்னர் அவர்களுக்கும் திறக்கப்பட்டன. இரக்கத்தால் அல்லாமல் தேவையால் நடந்த மாற்றம் இது: அவர்களை விட்டுவிட்டால் தொற்று நிற்காது என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த உதவிகள் எல்லாம் நின்றுபோயின. நாட்டின் வேலைத்தரச் சட்டம் முழுநேரத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்புத் தருகிறது, காஷுவல் தொழிலாளிக்கு ஒரு நாள்கூடத் தருவதில்லை. மணிக்கூலியில் சேர்க்கப்படும் 25 விழுக்காடு அதற்கு ஈடு என்பார்கள். காய்ச்சல் வந்த வாரத்தில் வாடகை கட்ட வேண்டியவருக்கு அந்தக் காசு எப்போதோ செலவாகிப் போயிருக்கும். விக்டோரியா 2022 மார்ச்சில் தொடங்கிய காஷுவல் விடுப்புத் திட்டமும் ஒரு சோதனை முயற்சியாகவே தொடங்கியது. முதியோர் இல்லத்திலும் இறைச்சி ஆலையிலும் ஹோட்டல் தாழ்வாரத்திலும் இன்றிரவு ஷிஃப்டுக்குப் போகும் காஷுவல் தொழிலாளிக்குத் தொண்டை கரகரத்தால், வேலைத்தரச் சட்டத்தில் அவருக்கு உள்ள விடுப்பு 2020 ஜூலையில் இருந்த அதே அளவுதான்.