சயனைடு மேட்டுத் தூசியும் ஐந்து கிகாஹெர்ட்ஸும்

கோலார் தங்கவயலின் பாலகாட்டில் கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்ட நினைப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது தூசியை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய அரைத்த பாறைத் தூள், 3 கோடி டன்னுக்கும் மேல், ஊர் நெடுக மேடு மேடாகக் குவிந்து கிடக்கிறது. ஊர்க்காரர்கள் சயனைடு மேடு என்பார்கள். ஆடிக் காற்று கிளம்பினால் அந்த நைசான தூள் வீட்டுக்குள் வந்து அலமாரியிலும் சோற்றிலும் படியும். மேசைக்கடியில் இருக்கும் கேபினெட்டின் ஃபேன் அதை உள்ளே இழுத்து, ஹீட் சிங்க்கின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைத்துவிடும். அடைபட்ட ஹீட் சிங்க்கோடு ஓவர்கிளாக்கிங் செய்வது, அதாவது சில்லை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, வேண்டாத வேலை.

சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளில் ஏராளமானோர் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள். அங்கே எஸ்.பி. ரோட்டில் பழைய மதர்போர்டு, பழைய புராசஸர், பழைய எஸ்.எம்.பி.எஸ். என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தால் ஒரு நல்ல டெஸ்க்டாப் தயாராகிவிடும். புதிதாக வாங்கக் காசில்லாதவருக்கு, கையில் இருப்பதிலிருந்தே கொஞ்சம் கூடுதல் வேகம் எடுக்கும் ஆசை வருவது நியாயம்தான். ஓவர்கிளாக்கிங் பிறந்ததே அந்த ஆசையில். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் வேகம் என்று சொல்லி விற்கப்பட்ட மலிவான சில்லு. அதன் பெருக்கி 4.5, பஸ் வேகம் 66. பஸ்ஸை 100க்கு ஏற்றினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. பல சில்லுகள் அதைத் தாங்கின. ஐம்பது சதவீத வேகம், இலவசமாக.

அந்தக் காலம் திரும்ப வராது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் வோல்டேஜையும் அதற்கேற்பக் குறைக்கலாம், சூடு ஏறாது என்று ராபர்ட் டென்னார்டும் அவருடைய குழுவினரும் 1974இல் காட்டிய கணக்கு 2005 வாக்கில் நின்றுபோனது. 2004இல் பென்டியம் 4 தொட்ட வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸ். இருபது ஆண்டு கழித்து, 2024இல், இன்டெல்லின் வேகமான டெஸ்க்டாப் சில்லு தொட்ட உச்சம் 6.2. இரண்டு மடங்குகூட இல்லை. இன்றைய புராசஸர் தன்னால் முடிந்த வேகத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. நமக்கு மிச்சம் வைத்திருப்பது சில சதவீதம் மட்டுமே.

அந்தச் சில சதவீதத்துக்கு என்ன விலை? சில்லு செலவழிக்கும் மின்திறன் வேகத்தோடு நேராக ஏறுகிறது, வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறுகிறது. வேகத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினால் 100 வாட் 110 ஆகும். அந்த வேகத்தைத் தாங்க வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்ட வேண்டி வந்தால் 133 வாட். பத்து ரூபாய்ப் பொருளுக்கு முப்பத்து மூன்று ரூபாய் கொடுப்பது இது. இதைத் தலைகீழாகவும் பார்க்கலாம். வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை 5 சதவீதம் குறைத்தால் சூடு கிட்டத்தட்ட 10 சதவீதம் குறையும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 1.2 வோல்ட்டில் 120 வாட் என்றால் 100 ஆம்பியர். கட்டைவிரல் நகம் அளவுள்ள சிலிக்கானுக்குள் 100 ஆம்பியர் பாய்கிறது! தங்கவயலுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1902 ஜூன் 30ஆம் தேதி சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கடந்து இங்கே மின்சாரம் வந்தபோது அது பல்லாயிரம் வோல்ட்டில் வந்தது. வோல்டேஜை ஏற்றினால்தான் மின்னோட்டம் குறையும், வழியில் கம்பி சூடாகி வீணாவதும் குறையும். மதர்போர்டில் நடப்பது அதே விதிதான். எஸ்.எம்.பி.எஸ். தரும் 12 வோல்ட்டை 1.2 வோல்ட்டாக இறக்கும் வி.ஆர்.எம். பகுதியைச் சில்லை ஒட்டியே வைத்திருப்பது, 100 ஆம்பியரை நெடுந்தூரம் கொண்டுபோக முடியாததால்தான். மலிவான போர்டில் அந்தப் பகுதிக்கு ஹீட் சிங்க்கே இருக்காது. அப்படிப்பட்ட போர்டில் வோல்டேஜைக் கூட்டாதீர்கள். புராசஸர் தப்பினாலும் போர்டு போய்விடும்.

இனி அறையின் சூடு. காற்றால் குளிரும் எந்த ஹீட் சிங்க்கும் சில்லை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. முழுப் பளுவில் சில்லு அறையைவிட 50 டிகிரி கூடுதலாக ஓடுகிறது என்று வையுங்கள். 25 டிகிரி அறையில் 75 காட்டும். ஏப்ரல் மதியம், ஷீட் கூரை போட்ட சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் அறை 38 டிகிரி ஆகும்போது அது 88. இன்டெல் சில்லுகள் பலவற்றுக்கு எல்லை 100, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கூட்டிய வேகம் கையில் நிற்காது. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் செட்டிங்குகளை அப்படியே போடுகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்: வீடியோ எடுத்தவருடைய அறை 21 டிகிரி.

விலை உயர்ந்த கூலரைப் பூட்டிவிட்டு, கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி, மேசைக்குள் திணித்து வைத்தால் பயனில்லை. சூடு வெளியேறினால்தான் குளிர்ச்சி. தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து இறக்கி, சூடான காற்றை வெளியே இழுத்தார்கள். அந்த இரண்டாம் பாதி நடக்காமல் அங்கே ஒரு ஷிப்ட்டும் ஓடியிருக்காது. கேபினெட்டிலும் முன்பக்கம் வலைபோட்ட ஃபேனால் காற்றை உள்ளே தள்ளி, பின்பக்கம் வெளியேற்றுங்கள். உள்ளே தள்ளும் காற்று சற்றே அதிகமாக இருந்தால், இடுக்குகள் வழியாகத் தூசி நுழையாது.

சூட்டைவிட வோல்டேஜ்தான் எனக்குப் பயம். சூடு திரையில் தெரியும், வேகம் குறையும், ஃபேன் இரையும். கூடுதல் வோல்டேஜ் சத்தமில்லாமல் தேய்க்கும். மின்னோட்டம் உள்ளேயுள்ள நுண்கம்பிகளின் உலோக அணுக்களை மெல்ல நகர்த்திக்கொண்டே போகும். ஆறு மாதம் கழித்து, நேற்றுவரை ஓடிய செட்டிங்கில் கம்ப்யூட்டர் காரணமின்றி நிற்கும். இதில் நிறுவனங்களே தவறியிருக்கின்றன. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சில்லுகள் சில கருகியபோது, மதர்போர்டுகள் கொடுத்த எஸ்.ஓ.சி. வோல்டேஜை 1.3க்குள் கட்ட ஏ.எம்.டி. புதிய பயாஸ் வெளியிட வேண்டி வந்தது. 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகள் சில அளவுக்கு மீறி வோல்டேஜ் கேட்டுச் சேதமடைந்தன. ஆகஸ்ட்டில் 0எக்ஸ்129 மைக்ரோகோட் வந்தது, வாரன்ட்டி இரண்டு ஆண்டு நீட்டப்பட்டது. ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் நடந்தது இது. ஆகவே பயாஸைப் புதுப்பிக்காமல் ஒரு எண்ணையும் தொடக் கூடாது. வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் ஏற்றுவதும் ஆபத்து. போர்டு தன் இஷ்டத்துக்கு ஊற்றிக் கொடுக்கும்.

இனி செய்முறை. இன்டெல்லில் பெருக்கியை மாற்றப் பெயரில் ‘கே’ உள்ள புராசஸரும் இசட் வரிசை போர்டும் வேண்டும். ரைசனில் பெரும்பாலான சில்லுகள் திறந்தவை, ஆனால் ஏ320, ஏ520 போர்டில் முடியாது. முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் சோதனையை ஓட்டி, எச்.டபிள்யூ.இன்ஃபோ மென்பொருளில் சூட்டையும் வோல்டேஜையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு பெருக்கியை ஒரு படி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ், ஏற்றிச் சோதியுங்கள். நின்றுபோனால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். வோல்டேஜைக் கூட்டித் துரத்தாதீர்கள். பளுவில் வோல்டேஜ் சரியாமல் தாங்கும் லோட் லைன் கேலிபரேஷனை உச்சத்தில் வைத்தால் பளு சட்டென்று இறங்கும் நொடியில் வோல்டேஜ் துள்ளும். நடு நிலையே போதும். பிழை தேடும் ஓ.சி.சி.டி. சோதனை சில மணி நேரம் பிழையில்லாமல் ஓட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்புக் கணக்குப் போடும் கம்ப்யூட்டர்தான் மோசமானது. வீட்டுப் பாடமும் திருமண வீடியோவும் அதில்தான் கெட்டுப்போகின்றன.

தூசி தட்டும்போது கேபினெட்டை வாசலுக்குக் கொண்டுபோங்கள். ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயர் அடியுங்கள். முகத்தில் மாஸ்க் கட்டாயம். அது சிலிக்கா கலந்த தூசி. அது நுரையீரலை என்ன செய்யும் என்பதைச் சொந்த வீட்டில் பார்த்த குடும்பங்கள் இங்கே நிறைய. கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்றால் முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைச் சரிபாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என் பரிந்துரை: பாலகாட்டில் கர்வ் ஆப்டிமைசர் வசதியுள்ள ரைசன் வைத்திருப்பவர் வேகத்தைத் தொடவே வேண்டாம். பயாஸில் பி.பி.ஓ.வுக்குள் கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் 10இல் தொடங்கி, நிதானமாகச் சோதித்துக் கீழே இறங்குங்கள். வோல்டேஜ் குறைவதால் சூடு குறையும், சூடு குறைவதால் சில்லு தானாகவே உயர்ந்த வேகத்தில் நெடுநேரம் நிற்கும். டிசம்பர் இரவில் தேறிய செட்டிங்கை ஏப்ரலில் மதியம் 2 மணிக்கு மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிழை வந்தால் அந்த மைனஸ் எண்ணைப் பூஜ்ஜியத்தை நோக்கி ஐந்து நகர்த்தி வைத்துவிடுங்கள்.