பானெட்டும் இடைவெளியும்

மோட்டார் வண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அதன் உறுப்புக்களை உற்று நோக்குவோர் சிலர். ஒரு வண்டியின் முன் நின்று, எஞ்சினை மூடும் தகடாகிய பானெட்டின் ஓரங்களைச் சிறிது நேரம் நோக்கின், அவ்வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதி விளங்கிவிடும். அஃது எங்ஙனம் என்பதையும், பானெட் கோணி நிற்பின் அதனைச் சீர்ப்படுத்தும் முறையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

2014-ஆம் ஆண்டில் செய்தல் நிறுத்தப்பட்ட அம்பாசடரிலும், இன்று வெளிவரும் வண்டிகள் பெரும்பாலானவற்றிலும், பானெட் பின்புறத்தே இரண்டு கீல்களிலும், முன்புறத்தே ஒரு பூட்டிலும் அமைந்துள்ளது. அதன் இருமருங்கும் மட்கார்டுகளும், பின்னே முன்கண்ணாடியின் அடித்தகடும் உள்ளன. இவற்றிற்கும் பானெட்டிற்கும் நடுவே ஒரு சிறு சந்து விடப்பட்டிருக்கும். திறந்து மூடுங்கால் தகடுகள் உராயாமைக்கும், ஓடுங்கால் உண்டாகும் அதிர்ச்சியில் ஒன்றோடொன்று மோதாமைக்கும் அச்சந்து இன்றியமையாதது. இக்காலத்து வண்டிகளில் அது பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலமுடையது. அகலம் இத்துணை என்பதினும், அது நெடுக ஒரே அளவாய் ஓடுதலே சிறப்பு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் நண்பர் ஒருவர் பழைய வண்டியொன்றை விலைக்கு வாங்கினார். அதன் முன்புறத்தில் இடச்சந்து ஒரு காசு நுழையுமளவே இருந்தது. வலச்சந்திலோ ஒரு பென்சில் புகுந்தது. விடுமுறை நாளொன்றில் நாமும் அவரும் அதனைத் திருத்தப் புகுந்தோம். அறியாமையால், முன்னுள்ள பூட்டையே முதலில் தளர்த்தி, பானெட்டை வலப்பக்கம் வலிந்து இழுத்துப் பூட்டினோம். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காயிற்று. மறுநாள் நெடுஞ்சாலையில் விரைந்து செல்லுகையில் பூட்டு விடுபட்டது. காவலுக்கென்று வைத்த இரண்டாம் கொக்கி ஒன்றே பானெட்டைத் தாங்கி நின்றது. அதுவும் விடுபட்டிருப்பின், எதிர்காற்றால் பானெட் மேலெழுந்து கண்ணாடியை மறைத்திருக்கும். பின் நேர்வதைக் கூறவேண்டுவதில்லை. பூட்டு பானெட்டைப் பிடித்தற்கு உரியதேயன்றி, இழுத்தற்கு உரியதன்று என்பதை அன்று கற்றோம்.

ஆகவே, ஸ்பானரைத் தொடுமுன் அளவுகோலைத் தொடுதல் வேண்டும். இடச்சந்து, வலச்சந்து இரண்டையும் முன்னும் பின்னுமாக அளந்து, பின்சந்தை இரு கீல்களுக்கு நேரே அளந்து, ஆறு எண்களையும் தாளில் எழுதிக்கொள்க. இவ்வாறும் ஆறு சாட்சிகளாம். நம் நண்பர் வண்டியில், ஓட்டுநர் முன்னோக்கி அமர்ந்த நிலைக்கு இடம் வலம் கொண்டால், முன்னே இடம் 2, வலம் 7. பின்னே இடம் 4.5, வலம் 4.5 மில்லிமீட்டர் இருந்தன.

முதற் சோதனை கூட்டலாம். முன்னே இரண்டும் கூடி 9; பின்னே இரண்டும் கூடி 9. இரு தொகையும் ஒத்தமையால், மட்கார்டுகள் தம் இடம் பெயரவில்லை என்பதும், பானெட்டின் மூக்கே 2.5 மில்லிமீட்டர் இடப்பக்கம் சாய்ந்துள்ளது என்பதும் பெறப்படும்.

இரண்டாம் சோதனை, பின்சந்தின் சாட்சியம். கீல்களின் இடைத்தூரம் 120 சென்டிமீட்டர். கீலிலிருந்து மூக்குவரை 100 சென்டிமீட்டர். 100-க்கு 2.5 சாயுமாயின் 120-க்கு 3 சாயும். ஆதலின், பின்சந்து வலக்கோடியினும் இடக்கோடியில் 3 மில்லிமீட்டர் குறுகியிருத்தல் வேண்டும். அளந்தபோது இடத்தே 3, வலத்தே 6 என இருந்தன. சாட்சிகள் ஒருமுகமாயினர், குற்றம் கீலின் நிலையில் மட்டுமே என்பது துணிபாயிற்று.

சாட்சிகள் முரண்படுவாராயின் என் செய்வது? முன்தொகை 13-உம் பின்தொகை 9-உமாக இருப்பின், மட்கார்டுகள் முன்னே விரிந்துள்ளன எனக் கொள்க. பக்கச்சந்துகள் கோணியிருக்க, பின்சந்து சற்றும் கோணாதிருப்பின், வண்டியின் முன்பகுதியே ஒருபுறம் தள்ளப்பட்டிருத்தல் கூடும். அத்தகைய வண்டி முன்பு எங்கேனும் மோதுண்டதா என்று ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தையும், பற்றவைத்த தழும்புகளையும் தேடிப் பார்த்தல் வேண்டும். அந்நிலையில் பானெட்டை மட்டும் திருப்பி ஒப்புக்காட்டுவது, நோயை மறைத்து முகத்திற்கு மாப்பூசுவதை ஒக்கும். விற்பவன் அங்ஙனம் செய்யின் அது வஞ்சனையுமாம்.

இனித் திருத்தும் முறை. இருவர் வேண்டும், ஒருவரால் செய்யின் பானெட் நழுவி, மூலைபட்டுக் கண்ணாடி உடைதல் கூடும். மட்கார்டுகளின் மேலும் கண்ணாடியின் அடியிலும் தடித்த துணி விரிக்க. கீல் பானெட்டில் பொருந்திய இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிடுக. வழி தவறினும் பழைய நிலைக்குத் திரும்ப அக்கோடு துணையாகும். கீலின் துளைகள் போல்ட்டினும் சற்றே அகன்றவை. அவ்வகலமே நாம் நகர்த்துதற்குரிய இடம். போல்ட்டுகளைக் கழற்றாது, கைக்கு அசையுமளவு தளர்த்துக. நம் கணக்கின்படி பானெட்டின் இடக்கோடியை 1.5 மில்லிமீட்டர் முன்னும், வலக்கோடியை 1.5 மில்லிமீட்டர் பின்னும் நகர்த்தினோம். ஒருபுறத்தை மட்டும் 3 மில்லிமீட்டர் நகர்த்தினும் மூக்கு நேராகும். ஆயின் பின்சந்தின் அளவு நடுநிலை தவறும். பின்னர் போல்ட்டுகளை இலேசாக முடுக்கி, மெல்ல மூடி, மீண்டும் அளத்தல் வேண்டும்.

அகலம் ஒழுங்கான பின்னரே உயரம். பின்னோரம் மட்கார்டினும் உயர்ந்தோ தாழ்ந்தோ இருப்பின், கீல் வண்டியுடலிற் பொருந்துமிடத்தில் சரிசெய்க. முன்னோரத்தை, ரப்பர்த் தலையுடைய திருகுகளை ஏற்றியும் இறக்கியும் ஒப்புரவாக்குக. இறுதியிலேயே பூட்டு. பானெட்டின் கொண்டி எவ்வித இழுப்புமின்றிப் பூட்டின் நடுவே இறங்குமாறு அதனை அமைத்து, எல்லா போல்ட்டுகளையும் நன்கு முடுக்கி, இரண்டாம் கொக்கி பற்றுகின்றதா என்று கையால் தூக்கிப் பார்த்த பின்னரே வண்டியைச் செலுத்துக.

ஓர் எச்சரிக்கை: பாதசாரி மீது மோதுங்கால் பானெட்டைத் தானே உயர்த்தும் வெடிக்கருவி சில புதிய வண்டிகளின் கீலருகே உண்டு. அவற்றைத் தொழிற்பயிற்சி பெற்றோரிடமே விடுதல் வேண்டும்.

நம் முயற்சியின் முடிவில் இடச்சந்து 4, வலச்சந்து 5 என நின்றன. அரை மில்லிமீட்டருக்காக மேலும் இரண்டு மணிநேரம் போராட நண்பர் விரும்பினார், வேண்டாவென்று தடுத்தோம். பூட்டு எளிதில் விழுந்தது, கொக்கி பற்றியது, பானெட் ஓரிடத்தும் உராயவில்லை. கண்ணுக்கு ஒழுங்காய்த் தோன்றியும் உயிருக்கு ஊறு விளைக்க இருந்த முதல்நாட் பணியினும், கண்ணுக்குச் சற்றே குறையுடைத்தாயினும் உறுதியாய் நின்ற இப்பணியே சிறந்தது. காரணத்தை அளந்தறிந்து, அதன் பின்னரே கைவைக்கும் இவ்வொழுங்கு, பானெட்டுக்கு மட்டுமன்றிப் பிற தொழில்களுக்கும் பொருந்தும் என்பதை மாணவ நண்பர்கள் உணர்வார்களாக.