பிறந்த குழந்தைக்கு பயோட்டின் எதற்கு?

முடி கொட்டுகிறதா? உடனே பயோட்டின் மாத்திரை வாங்கிவிடுகிறோம். ஆனால், சில பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த வைட்டமின்தான் உயிர் காக்கும் மருந்து!

நம் உடலில் கொழுப்பு, சர்க்கரை, புரதத்தைக் கையாளும் 5 நொதிகள் பயோட்டின் இல்லாமல் இயங்காது. பல நொதிகள் தங்கள் துணை மூலக்கூறை வேலை முடிந்ததும் விட்டுவிடும். இவை விடுவதில்லை. லைசின் என்ற அமினோ அமிலத்தோடு பயோட்டின் சகப்பிணைப்பால் இறுகிவிடும். நொதி பழசாகிச் சிதைந்தாலும் அந்தப் பிடி தளராது.

பிறகு எப்படிப் பயோட்டின் திரும்பக் கிடைக்கிறது? பயோட்டினிடேஸ் என்ற இன்னொரு நொதி, கத்தரிக்கோல்போல அதை வெட்டி எடுக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால், குழந்தைக்கு இந்தக் கத்தரிக்கோல் சரியாக வேலை செய்யாது. வலிப்பு, தோல் தடிப்பு, முடி உதிர்வு என ஆரம்பிக்கும். கவனிக்காமல் விட்டால் காது கேட்காமல் போகலாம். போன செவித்திறன் பெரும்பாலும் திரும்பாது.

பிறந்த சில நாள்களில் குதிகாலில் எடுக்கும் சொட்டு ரத்தத்திலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். அறிகுறி தெரியும் முன்பே, டாக்டர் சொல்லும் அளவில் தினமும் பயோட்டின் கொடுத்தால் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும். வாழ்நாள் முழுக்க நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

ஒன்று, பச்சை முட்டை இவர்களுக்கு ஆகாது. வெள்ளைக்கருவில் இருக்கும் அவிடின், பயோட்டினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நன்றாக வேகவைத்த முட்டை என்றால் பயமில்லை.