துருவ வானிற் பலூன் தொலைகாட்டி

உடுக்களுக்கு இடைப்பட்ட வெளி வெறும் பாழன்று. அங்கு ஐதாகப் பரந்து கிடக்கும் வாயுவிலிருந்தே உடுக்கள் பிறக்கின்றன. இறக்கும் உடுக்கள் தம் பொருளின் ஒரு பகுதியை அவ்வெளிக்கே மீள அளிக்கின்றன. ஆயின், ஐதான வாயு செறிந்த முகிலாகத் திரளும் கட்டத்தை அவதானித்தல் எளிதன்று. குளிர்ந்த ஐதரசன் மூலக்கூறு கதிர்வீசுவது அரிதாதலின், அதனுடன் கலந்துள்ள காபனோரொட்சைட்டின் கதிரை அடையாளமாகக் கொண்டே வானியலாளர் முகில்களை அளந்து வந்தனர். முகிலின் புறப்பகுதியிலோ ஊதாக்கடந்த கதிர்கள் காபனோரொட்சைட்டைச் சிதைத்துவிட, ஐதரசன் மூலக்கூறுகள் மட்டும் எஞ்சி நிற்கும். இவ்வாறு அளவைக்குத் தப்பிய வாயு சிறிதன்று.

அதனை வெளிப்படுத்துவன மூன்று தனிமங்களின் கதிர்களாகும். காபன் அணுவை அயனாக்க 11.3 இலத்திரன்வோற்று போதும், ஐதரசனுக்கு 13.6 உம் நைதரசனுக்கு 14.5 உம் வேண்டும். எனவே ஐதரசன் நடுநிலையில் இருக்கும் இடத்திலும் காபன் அயனாகி, 158 மைக்கிரோமீற்றர் அலைநீளத்திற் கதிர்வீசும். வாயு தன் வெப்பத்தை இழப்பதற்கு இக்கதிரே முதன்மையான வழி. வாயு குளிராவிடின் சுருங்காது, சுருங்காவிடின் உடுவும் தோன்றாது. நைதரசன் அயனோ ஐதரசனும் அயனாகிய இடத்தில் மட்டுமே காணப்படும். அதன் கதிர் 205 மைக்கிரோமீற்றரில் உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டால், காபன் கதிரில் எப்பகுதி அயனாகிய வாயுவிலிருந்து வந்தது, எப்பகுதி நடுநிலை வாயுவிலிருந்து வந்தது எனப் பிரித்தறியலாம். ஒட்சிசன் அணுவின் 63 மைக்கிரோமீற்றர்க் கதிர் செறிவும் வெப்பமும் மிக்க பகுதிகளைக் காட்டும்.

இக்கதிர்களை நீராவி உறிஞ்சிவிடுவதால் நிலத்திலிருந்து இவற்றைக் காண இயலாது. ஹேர்ஷல் விண்கலம் 2013 இல் திரவ ஈலியம் தீர்ந்து ஓய்ந்தது. விமானத்திற் பறந்த சோஃபியா தொலைகாட்டி 2022 இல் நிறுத்தப்பட்டது. எஞ்சிய வழி பலூன். 1783 இல் மனிதரை வானுக்கு உயர்த்திய அப்பழைய கருவி, இன்று ஏறத்தாழ 36 கிலோமீற்றர் உயரத்தில், வளிமண்டலத் திணிவில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேற்பட்டதைக் கீழே விட்டு மிதக்கிறது.

துருவத்தை நாடுவது ஏன்? பிற இடங்களில் இரவானதும் பலூனின் ஈலியம் குளிர்ந்து சுருங்கும், பலூன் தாழும், அதனை மீள உயர்த்தச் சுமையைக் கொட்டவேண்டும். கொட்டுதற்குச் சுமை தீர்ந்ததும் பறப்பும் முடியும். அந்தாட்டிக்காவின் கோடையில் ஞாயிறு மறைவதில்லை. அப்பருவத்திற் படைமண்டலக் காற்று துருவத்தைச் சுற்றியே வீசுவதால், பலூன் கண்டத்தை விட்டுப் பெரும்பாலும் விலகாது. ஞாயிற்றொளி மின்கலங்களுக்கும் இடையறாது கிடைக்கும்.

அரிசோனாப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் அமைந்த கஸ்டோ என்னும் நாசாத் திட்டம் இவ்வழியையே பின்பற்றியது. 0.9 மீற்றர்த் தொலைகாட்டியைத் தாங்கிய பலூன் 2023 டிசெம்பர் 31 அன்று மக்மேடோ நிலையத்தின் அருகிலிருந்து ஏறி, 57 நாள்களுக்கு மேற் பறந்தது. நாசாவின் பாரச்சுமைப் பலூன்களுள், 2012–13 இல் 55 நாள்கள் பறந்த சூப்பர் ரைகரே அதுவரை முதன்மை பெற்றிருந்தது.

உணரிகள் திரவ ஈலியத்தாற் குளிரூட்டப்பட்டவை. வரும் கதிருடன் மீடிறன் அறிந்த வேறொரு கதிரைக் கலந்து, அவற்றின் வேறுபாட்டை அளப்பதே முறை. ஏறத்தாழ ஒத்த சுருதியுள்ள இரு தந்திகளை மீட்டும்போது எழும் அடிப்புக்களை இது ஒக்கும். இதனால் வாயுவின் வேகம் செக்கனுக்கு ஒரு கிலோமீற்றரளவு நுட்பத்திற் புலப்படும். ஒரே திசையில் ஒன்றன்பின் ஒன்றாய் அமைந்த முகில்களையும் வேகத்தைக் கொண்டே வேறுபடுத்தலாம். படம் மட்டும் எடுக்கும் கருவிக்கு இது கைகூடாது.

பால்வீதியுடன் பெரிய மகெல்லன் முகிலும் இத்திட்டத்தின் இலக்காயிற்று. ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அச்சிறு உடுத்தொகுதியில் ஈலியத்தினும் பாரமான தனிமங்கள் நமது பால்வீதியில் உள்ளதன் ஏறத்தாழ அரைப்பங்கே. தூசும் குறைவு, எனவே ஊதாக்கடந்த கதிர் முகிலினுள் ஆழமாக ஊடுருவிக் காபனோரொட்சைட்டை ஒரு சிறு கருப்பகுதிக்குள் ஒடுக்கிவிடுகிறது. அங்கு அதனை மட்டும் நம்பி அளப்போருக்கு முகிலின் பெரும்பகுதி புலப்படாது. அப்பகுதியைக் காட்டுவது காபன் அயனின் கதிரே.